உமது தொழில் என்ன? – ஆலை நஞ்சைத் தேடிச் சென்ற மருத்துவரின் வரலாறு

 

இத்தாலி நாட்டின் மோதெனா நகரில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவப் பேராசிரியர் வாழ்ந்தார். 1700ஆம் ஆண்டில் அவர் தொழிலாளரின் நோய்கள் குறித்து ஒரு நூலை வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர், குயவர், கண்ணாடி செய்வோர், தோல் பதனிடுவோர், மலக்குழி துப்புரவு செய்வோர் என ஒவ்வொரு தொழிலையும், அத்தொழிலால் வரும் நோயையும் அந்நூல் ஆராய்ந்தது. நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளைப் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் முன்பே வகுத்திருந்தனர். அவற்றோடு இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுமாறு ராமஸ்ஸினி அறிவுறுத்தினார். உமது தொழில் என்ன என்பதே அக்கேள்வி.

கேள்வி எளியதுதான். ஆயினும் இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், மாபெரும் தொழில் நாடாக வளர்ந்துகொண்டிருந்த அமெரிக்காவில் அதைக் கேட்பார் அரிதாகவே இருந்தனர். அந்தக் கேள்வியை ஆலை வாசலுக்கும், அங்கிருந்து தொழிலாளியின் வீட்டு வாசலுக்கும் எடுத்துச் சென்றவர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர். உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களான நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அவருடையது.

இல்லை என்று சொல்லப்பட்ட நோய்

ஆலிஸ் ஹாமில்டன் 1869ஆம் ஆண்டு பிறந்தார். 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் ஜெர்மனியிலும் பயின்றார். 1897இல் சிகாகோவில் பேராசிரியையாகப் பணியேற்றபோது, ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தில் குடியமர்ந்தார். ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழியரும் ஏழை மக்களின் நடுவே நிறுவிய சேவை இல்லம் அது. போலந்து, இத்தாலி, கிரேக்கம் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அதைச் சூழ்ந்து வாழ்ந்தன.

ஆலிஸ் அம்மையார் அங்குக் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தார். அந்தக் குழந்தைகளின் தந்தையரைப் பற்றிய செய்திகள் அவருடைய காதில் விழுந்தன. எஃகு ஆலையில் நச்சு வாயுவால் மயங்கி விழுந்தவர் ஒருவர். சாயம் பூசும் தொழிலில் கைகள் செயலிழந்தவர் மற்றொருவர். இறைச்சிக் கூடத்தின் குளிரிலும் ஈரத்திலும் நுரையீரல் கெட்டவர் இன்னொருவர். இவற்றைப் பற்றி அறிய அவர் நூல்களைத் தேடினார். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் ஏராளமாகக் கிடைத்தன. அமெரிக்காவைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே கிடைக்கவில்லை. மருத்துவர்களிடம் வினவினால், அமெரிக்க ஆலைகள் தூய்மையானவை, இங்கே தொழிலாளருக்கு நல்ல கூலி உண்டு, ஐரோப்பாவில் காணும் நோய்கள் இங்கு இல்லை என்றனர்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதைத் தீப்பெட்டித் தொழில் காட்டிக்கொடுத்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்வோருக்குத் தாடை எலும்பு அழுகும் கொடிய நோய் உண்டாகும். அமெரிக்காவில் அந்நோய் இல்லையென்றே எல்லோரும் கருதியிருந்தனர். ஜான் ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வாளர் ஆலைகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நேரில் சென்றபோது 150க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கண்டறிந்தார். அதன் விளைவாக 1912இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகள்மீது அமெரிக்க நாடாளுமன்றம் கடும் வரி விதித்தது. அத்தொழில் அத்தோடு மறைந்தது.

தேடிச் சென்ற முறை

1910ஆம் ஆண்டு இலினாய் மாநில அரசு, தன் ஆலைகளில் உள்ள நஞ்சுகளை ஒரு குழுவைக் கொண்டு ஆராய்ந்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் மேற்கொண்ட முதல் ஆய்வு அதுவே. ஆலிஸ் அம்மையார் அதை வழிநடத்தியதோடு, ஈயம் பற்றிய ஆய்வைத் தாமே மேற்கொண்டார்.

ஈயம் மனித உடலுக்குள் சென்றால் முதலில் களைப்பும் மலச்சிக்கலும் தோன்றும். உடல் வெளிறும். பின்னர் வயிற்றைப் பிசையும் கடும் வலி வரும். சிலருக்கு மணிக்கட்டு தொய்ந்து, கையைத் தூக்கவே இயலாமற்போகும். மூளையை எட்டினால் வலிப்பும் மனக்கலக்கமும் ஏற்பட்டு, உயிரும் போகக்கூடும். இத்தனை தெரிந்திருந்தும், ஈயம் எந்தெந்தத் தொழிலில் பயன்படுகிறது என்ற பட்டியல்கூட அரசிடம் இல்லை.

ஆகவே அவர் பின்பக்கத்திலிருந்து தொடங்கினார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி, ஈய நோயால் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களை எடுத்தார். ஒவ்வொருவரும் எந்த ஆலையில், எந்த வேலையில் இருந்தார் என்று தேடினார். மருந்துக்கடைக்காரர்கள், தேவாலயப் பாதிரியார்கள், தொழிற்சங்கத்தார் ஆகியோரிடம் விசாரித்தார். தொழிலாளர் கூடும் மதுக்கடைகளுக்கும் போய்க் கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலாளரின் வீடுகளுக்கே சென்றார். மேற்பார்வையாளர் அருகில் நிற்கும்போது வாய் திறவாத மனிதர், தம் வீட்டில் மனைவி மக்கள் சூழ இருக்கும்போது அச்சமின்றிப் பேசுவார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஹதீஸ் கலையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஓர் அறிவிப்பைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்காமல், சொன்னவர் யார், அவர் நேரில் கேட்டாரா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று ஆராய ஊர் ஊராகப் பயணம் செய்த இமாம்களை நாம் அறிவோம். ஆலிஸ் அம்மையாரும் கேட்டதையெல்லாம் கணக்கில் சேர்த்துவிடவில்லை. ஈறில் ஈயக் கோடு கண்டால், அல்லது மருத்துவரின் தெளிவான சான்று இருந்தால் மட்டுமே ஒருவரை ஈய நோயாளியாகப் பதிவு செய்தார். ஐயத்திற்கு இடமானவற்றைத் தள்ளிவைத்தார். பின்னாளில் அவருடைய அறிக்கைகளை எவராலும் எளிதில் மறுக்க முடியாமற்போனதற்கு இந்தக் கண்டிப்பே காரணம்.

குளியல் தொட்டியின் மர்மம்

அந்த ஆய்வின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்துள்ளார். மருத்துவமனை ஒன்றில் போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவர் ஈய நோயின் முழு அறிகுறிகளோடு கிடந்தார். வயிற்றுவலி கடுமையாக இருந்தது, கைகள் தொய்ந்திருந்தன. குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசுவதே அவருடைய தொழில். எனாமல் பூசுவதில் ஈய நஞ்சு இருப்பதாக அதுவரை ஆலிஸ் அம்மையார் அறிந்திருக்கவில்லை. அந்த ஆலைக்குச் சென்றார். நிர்வாகத்தார் மரியாதையோடு வரவேற்றனர். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினர். தொட்டிகளுக்கு இறுதி மெருகு செய்யும் தொழிலாளரை அவர் கண்டார். எங்கும் ஈயம் தென்படவில்லை. ஈயம் பயன்படுத்துவதே இல்லையென உறுதியும் கூறினர்.

குழப்பத்தோடு திரும்பியவர், போலந்து மக்களின் குடியிருப்புக்குச் சென்று அந்த நோயாளியையே மீண்டும் வினவினார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. அவர் பார்த்து வந்தது எனாமல் கூடமே அன்று. உண்மையான கூடம் நகரின் வேறொரு மூலையில் இருந்தது. அங்கே சென்றபோது, பழுக்கக் காய்ந்த இரும்புத் தொட்டியின்மீது தொழிலாளர் நுண்ணிய எனாமல் பொடியைத் தூவுவதைக் கண்டார். பொடி உருகித் தொட்டியின்மேல் படர்ந்தது. காற்று முழுவதும் அந்தத் தூசி மண்டியிருந்தது. ஒரு தொழிலாளி மூலம் பெற்ற பொடியைச் சோதித்தபோது, உடலில் கரையக்கூடிய ஈயம் 20 விழுக்காடு வரை அதில் இருந்தது.

ஆலையின் முன்வாசல் வழியே சென்றவருக்குக் கிடைக்காத விடை, நோயாளியின் வீட்டில் கிடைத்தது. ஆலையைப் பற்றி ஆலையார் சொல்வதோடு எந்த விசாரணையும் முடிந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வாறு தேடியபோது, எவரும் எதிர்பாராத இடங்களிலெல்லாம் ஈயம் ஒளிந்திருந்தது. சுருட்டைச் சுற்றும் தகடு வெள்ளீயம் எனப்பட்டது. சோதித்தால் அது காரீயம். கண்ணாடிப் பாத்திரங்களை மெருகேற்றுவதில் ஈயம். பீங்கானில் ஒட்டும் பூ வேலைத் தாளில் ஈயம். சவப்பெட்டிக்கான அலங்காரத்திலும், சரக்கு ரயில் பெட்டிகளின் முத்திரையிலும் ஈயம். 70க்கும் மேற்பட்ட தொழில்முறைகளில் ஈயம் பயன்படுவதை அறிக்கை பட்டியலிட்டது. ஒரே மாநிலத்தில் 500க்கும் மேற்பட்ட ஈய நோயாளிகள் சான்றுகளோடு பதிவு செய்யப்பட்டனர்.

கையிலா, காற்றிலா?

இந்த நோய்க்கு முதலாளிகள் கூறிய காரணம் ஒன்று உண்டு. தொழிலாளர் கையைக் கழுவாமல் உண்கிறார்கள், குடிக்கிறார்கள், ஆகவே நோய் வருகிறது என்றனர். அதாவது பழி முழுவதும் தொழிலாளியின் தலையில். தூய்மையை ஈமானோடு சேர்த்துப் பேசும் சமூகம் நாம். கை கழுவுவதன் சிறப்பை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் கழுவிய கை, சுவாசிக்கும் மூக்கைக் காப்பாற்றாது. ஈயம் பெரும்பாலும் தூசியாகவும் புகையாகவும் மூச்சின் வழியே உள்ளே செல்கிறது என்பதை ஆலிஸ் அம்மையார் விடாமல் எடுத்துரைத்தார்.

இது வெறும் மருத்துவச் சர்ச்சை அன்று. குற்றம் கையில் என்றால், திருந்த வேண்டியவர் தொழிலாளி. குற்றம் காற்றில் என்றால், திருத்த வேண்டியவர் ஆலையின் உரிமையாளர். தூசியை உறிஞ்சும் குழாயைத் தொழிலாளியால் அமைக்க முடியுமா? மூடிய இயந்திரத்தை அவரால் வாங்க முடியுமா?

சாயத்திற்குப் பயன்பட்ட ஈய வெள்ளை என்னும் பொடி செய்யப்பட்ட விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஈயத் துண்டுகளைப் புளிக்காடி நிரம்பிய கலயங்களின்மேல் அடுக்கி, தோல் பதனிட்டு எஞ்சிய மரப்பட்டைத் தூளால் மூடி, மாதக்கணக்கில் விட்டுவைப்பர். பட்டை புளித்து எழும் வெப்பத்திலும் ஆவியிலும் ஈயம் வெண்ணிறப் பொறுக்காக மாறும். அதைக் கையால் பெயர்த்தெடுத்து, உலர்த்தி, அரைத்து, பீப்பாய்களில் கொட்டுவர். ஒவ்வொரு கட்டத்திலும் வெண்தூசி எழும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஊர் புதிதான, மொழி தெரியாத, குடும்பச் சுமை அழுத்தும் மனிதர்களே வந்தனர். நோய் முற்றினால் வேலையை விட்டுப் போய்விடுவர். அவ்விடத்தில் மறுநாளே வேறொருவர் நிற்பார். எங்கள் ஆலையில் நோயாளியே இல்லை என்று மேலாளர் மனமறிந்து பொய் சொல்லாமலே சொல்ல முடிந்தது. நோயாளிகள் ஆலையில் இல்லை, வீட்டில் கிடந்தனர்.

ஆதாரம் கேட்ட முதலாளி

நேஷனல் லெட் கம்பெனியின் துணைத் தலைவராக இருந்தவர் எட்வர்ட் கார்னிஷ். அவருடைய சிகாகோ ஆலையில் தொழிலாளருக்கு நஞ்சேறுகிறது என்று ஆலிஸ் அம்மையார் நேருக்கு நேர் கூறினார். கார்னிஷுக்குக் கோபம் வந்தது, நம்பவும் இல்லை. ஆயினும் அவர் நேர்மையாளர். என் ஆட்கள் நோயுறுகிறார்கள் என்பதற்குச் சான்று கொண்டு வாருங்கள், நீங்கள் சொல்வதையெல்லாம் செய்கிறேன், ஆலைக்கு மருத்துவரையும் அமர்த்துகிறேன் என்று வாக்களித்தார்.

ஆலிஸ் அம்மையார் மருத்துவமனைப் பதிவேடுகளுக்குத் திரும்பினார். அந்த ஆலையிலிருந்து ஈய நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 22 பேரின் விவரங்களோடு மீண்டும் வந்தார். கார்னிஷ் வாக்குத் தவறவில்லை. தூசியையும் புகையையும் அடக்கும் அமைப்புகளைச் செய்வித்தார். தொழிலாளரைப் பரிசோதிக்க மருத்துவர்களையும் அமர்த்தினார்.

1911இல் இலினாய் மாநிலம் சட்டம் இயற்றியது. ஆபத்தான தொழில்களில் தடுப்பு முறைகளும், மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனையும், கண்ட நோயை அரசுக்குத் தெரிவிப்பதும் முதலாளியின் கடமையாயின. அதே ஆண்டு, நாடு முழுவதும் உள்ள ஆலைகளை ஆராயும் பணியைக் கூட்டரசின் தொழிலாளர் துறை ஆலிஸ் அம்மையாரிடம் ஒப்படைத்தது. அந்தப் பணிக்கு மாதச் சம்பளம் இல்லை. அறிக்கை முடிந்தால் அதற்கொரு விலை. எந்த ஆலைக்குள்ளும் நுழையச் சட்டப்படியான அதிகாரமும் அவருக்கு இல்லை. இனிய சொல்லாலும் திடமான சான்றாலும் மட்டுமே கதவுகளைத் திறந்தார்.

முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகள் இரகசியமாக நடந்தன. அவை எங்கே இருக்கின்றன என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. வானில் எழும் மஞ்சள் புகையையும், பிக்ரிக் அமிலத்தால் தோலும் முடியும் மஞ்சளேறிய தொழிலாளரையும் அடையாளமாகக் கொண்டு அவற்றைக் கண்டுபிடித்தார். 1919இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக அழைத்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியர் அவரே. 1935இல் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பதவி உயர்வு மட்டும் கிடைக்கவில்லை.

ஆதாரம் என்ற பெயரில் தாமதம்

1920களில் பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலக்கும் வழக்கம் தொடங்கியது. இயந்திரம் தட்டலின்றி ஓட அது உதவியது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர் பித்துப் பிடித்தவர்போல் ஆயினர்; ஐவர் மாண்டனர். அந்தப் பொருளுக்குத் தொழிலாளர் முன்னரே பைத்திய வாயு என்று பெயர் சூட்டியிருந்தனர். ஆய்வுக்கூடம் சொல்வதற்கு முன்பே, அருகில் நின்று உழைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில் நிறுவனத்தார் இதை நாட்டின் முன்னேற்றத்திற்கு இன்றியமையாத பொருள் என்றனர். அவர்களுள் ஒருவர் இதை இறைவனின் கொடை என்றே வருணித்தார். நஞ்சை இறையருளின் பெயரால் விற்பதைக் கேட்டு நம் உள்ளம் நடுங்க வேண்டும். ஆலிஸ் அம்மையார் எழுந்து, ஈயம் கலந்த எதையும் நாடெங்கும் பரப்பிவிட்டுப் பின்னர் கட்டுப்படுத்த இயலாது, ஈயமற்ற வேறு வழியைத் தேடுங்கள் என்று எச்சரித்தார். அவருடைய சொல் எடுபடவில்லை. பொதுமக்களுக்குத் தீங்கு என்பதற்குச் சான்று போதாது எனக் கூறி, 1926இல் விற்பனை மீண்டும் தொடங்கியது. இந்தியாவில் ஈயமுள்ள பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் நின்றது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில் அது முடிவுக்கு வந்தது.

ஆதாரம் கொண்டு வா என்ற ஒரே சொல்லை இருவர் கூறினர். கார்னிஷ் திருந்துவதற்காகக் கேட்டார், கிடைத்ததும் திருந்தினார். பெட்ரோல் நிறுவனத்தார் தொடர்வதற்காகக் கேட்டனர். மனித உடல்களே ஆதாரமாகும் வரை காத்திருக்கச் சொல்வது நீதியாகாது. தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்கு ஆளாவதும் கூடாது என்ற நபிமொழிக் கோட்பாட்டை ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக ஓதும் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

நம் வீடுகளுக்கு வந்த கேள்வி

ஆலிஸ் ஹாமில்டன் 1970ஆம் ஆண்டு செப்டம்பரில், 101ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா தொழிலாளர் பாதுகாப்புக்கான தேசியச் சட்டத்தை நிறைவேற்றியது.

நம் நாட்டில் 1948இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியல் ஒன்றைக் கொண்டிருந்தது. அதில் முதலிடம் ஈய நஞ்சேற்றத்திற்கே. பாதரசம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நஞ்சும் அதில் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை நம்பி வாழும் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இரண்டும் அதில் இருந்தன: குரோமியத்தால் வரும் புண், விலங்குத் தோலிலிருந்து தொற்றக்கூடிய ஆந்த்ராக்ஸ். ஆலைத் தொழிலாளியிடம் இந்நோய்களைக் காணும் மருத்துவர், நோயாளியின் பெயரையும் ஆலையின் பெயரையும் எழுதித் தலைமை ஆய்வாளருக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் வந்த திருத்தம், ஆலையில் உள்ள ஆபத்தை அறியும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமும் நோயை அறிவிக்கும் கடமையை ஏற்றுக்கொண்டது.

எனினும் மருத்துவர் தொழிலைக் கேட்காவிட்டால், நோயாளியும் சொல்லாவிட்டால், அந்தச் சட்டம் ஏட்டிலேயே உறங்கும். நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் கேட்க நேரமில்லையெனில், நாமே சொல்வோம். என் தந்தை பதினைந்து ஆண்டுகளாகத் தோல் ஷெட்டில் ரசாயனம் கலக்குகிறார். என் அண்ணன் வளைகுடாவில் பற்றவைப்பு வேலை செய்கிறார். என் மகன் பேட்டரி பிரிக்கும் கடையில் இருக்கிறான் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்வோம். கையாளும் பொருளின் பெயரை, பீப்பாய்மேல் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வைப்போம். அதே கூடத்தில் வேலை செய்யும் மற்றவருக்கும் அதே இருமலா, அதே புண்ணா என்று விசாரிப்போம். ஈயப் பொடி படிந்த உடையோடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்க வேண்டாம்; அந்தப் பொடி பெரியவரைவிடப் பிள்ளைக்கே அதிகம் கேடு செய்யும்.

நம்மில் முதலாளிகளும் உண்டு. அவர்களுக்குக் கார்னிஷின் வரலாறு போதும். வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது கடமை என்று அறிந்தவர்கள், அந்த வியர்வை சிந்தும் உடலும் அமானிதம் என்பதை அறியாதவர்கள் அல்லர். நோயுற்றுப் போய்விட்ட தொழிலாளியின் வீட்டுக்கு ஒருமுறை சென்று, எதனால் வந்தது என்று கேட்டுப் பார்க்கட்டும்.

உழைக்கும் கைகளுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தையும், உழைப்பைப் பெறும் கைகளுக்கு நீதியையும் அருள்வானாக. ஆமீன்.